ஜான் ஸ்மார்ட்டின் 'ஐ'

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நுண்ணோவியர் ஜான் ஸ்மார்ட் தந்தத் தகட்டில் வரைந்த சின்னஞ்சிறு முகங்களின் ஓரத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் 'ஜே.எஸ்.' என்ற முதலெழுத்துகளும் ஆண்டும் தெரியும். சில படங்களில் ஆண்டோடு ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்ந்து நிற்கும். இந்தியாவில் வரைந்தது என்பதற்கான அடையாளம் அது. இந்தியா என்று அவர் குறித்தது பெரும்பாலும் நம் மதராஸைத்தான். 1785இல் வந்து இறங்கியவர் 1795 வரை இங்கே தொழில் செய்தார். சென்னை வரலாறு பேசும்போது கோட்டையும் துறைமுகமும் வருகிற அளவுக்கு இவர் பெயர் வருவதில்லை. இது பெரிய குறை என்பது என் கருத்து.

அன்றைக்குக் கப்பல் இங்கிலாந்து போய்ச் சேர ஏறக்குறைய ஆறு மாதம். திரும்புவோமா என்று தெரியாத கம்பெனி அதிகாரி தன் முகத்தை உள்ளங்கை அளவில் வரையச் சொல்லி ஊருக்கு அனுப்புவார். தங்கச் சட்டத்தின் பின்பக்கம் அவருடைய தலைமுடியைப் பின்னி வைப்பதும் உண்டு. ஸ்மார்ட்டிடம் வெள்ளைக்காரர்கள் மட்டும் வரவில்லை. ஆற்காடு நவாப் முகம்மது அலியையும் அவர் மகன்களையும் வரைந்திருக்கிறார். வாலாஜா சாலைக்குப் பெயர் தந்த அதே நவாப்தான்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது தந்தத்தைப் பற்றித் தெரிந்தால்தான் புரியும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடாக அறுக்க வேண்டும். இயல்பிலேயே எண்ணெய்ப் பசையுள்ள பொருள் என்பதால் நீர்வண்ணம் ஒட்டாமல் திரண்டு உருளும். அதனால் முதலில் பசையை எடுத்து, வெயிலில் வெளுக்க வைத்து, நுரைக்கல் பொடியால் மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார்கள். வண்ணத்தில் வேலம்பிசின் கலக்க வேண்டும். பிசின் கூடினால் காய்ந்ததும் வெடித்து உதிரும், குறைந்தால் அடுத்த கோடு போடும்போது கீழே உள்ளது கரைந்து வரும். அகலமாகப் பூசவே முடியாது. புள்ளியும் மயிரிழைக் கோடுமாக அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும்.

ஸ்மார்ட்டின் காலத்தில் இதே தொழிலில் பெரும்புகழ் பெற்றவர் ரிச்சர்ட் காஸ்வே. 1755இல் லண்டனில் சிறுவர்களுக்கு நடந்த ஓவியப் போட்டியில் காஸ்வே முதலிடம், ஸ்மார்ட் இரண்டாமிடம். காஸ்வே தந்தத்தின் வெண்மையை ஆங்காங்கே அப்படியே விட்டு, வேகமான கோடுகளில் எல்லோரையும் அழகாக்கிவிடுவார். ஸ்மார்ட் முகம் முழுவதையும் இழைத்து இழைத்து மூடுவார். கண்ணோரச் சுருக்கம், தடித்த கன்னம், வெயிலில் சிவந்த தோல் எதையும் மறைக்க மாட்டார். இருவர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு ஸ்மார்ட்தான் பெரியவர். அவர் வரைந்த மனிதரைத் தெருவில் கண்டால் அடையாளம் சொல்லிவிடலாம்.

இத்தகைய படம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து ஈரத்துணியால் தொடாதீர்கள். ஒரு துளி நீர் போதும், முகம் கரைந்துவிடும். தந்தம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். பின்னால் அட்டையில் ஒட்டியிருப்பதால் சுதந்திரமாக அசைய முடியாமல் வளைந்து, கடைசியில் நெடுக்காகப் பிளக்கும். நம் கடற்கரைப் புழுக்கத்திலிருந்து குளிரூட்டிய அறைக்கு மாற்றி மாற்றி வைப்பது மிக மோசம். பழைய கண்ணாடியின் உட்புறம் சின்னச் சின்னத் துளிகள் தென்பட்டால் அது வெறும் வியர்வை இல்லை, கண்ணாடியே சிதைந்து காரநீர் விடுகிறது. உடனே பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தையும் குறையுங்கள். அருங்காட்சியகங்கள் 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ளும். முதலில் வெளிறுவது கன்னச் சிவப்புதான்.

ஸ்மார்ட் 1811இல் லண்டனில் இறந்தார். அதே தொழிலுக்கு வந்த அவர் மகன் 1808இல் மதராஸ் வந்து, அடுத்த ஆண்டே இறந்துபோனார்.

ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஆண்டு போட்டதால் ஸ்மார்ட்டின் கை மாறிய விதத்தை வருடம் வருடமாகப் பின்தொடரலாம். அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகம் அப்படித்தான் ஒரு வரிசையைச் சேர்த்து வைத்திருக்கிறது. இணையத்தில் அதைப் பார்க்கிறவர்கள் 'ஐ' போட்ட படங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.