அந்தப் பிள்ளைகளை விரட்டியது தப்பு

நம்ம ஊர்க் கண் முகாம் வீடியோவை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் பாக்கி இல்லை. பார்த்துவிட்டேன், முழுசாகவே பார்த்தேன். கேரளத்தின் பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எங்கள் தமிழ் ஊருக்கு மெடிக்கல் காலேஜிலிருந்து டாக்டரும் படிக்கிற பிள்ளைகளும் கண் முகாம் நடத்த வந்தார்கள். எங்கள் ஆட்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்கள், மலையாள ஃபார்மை நீட்டுகிறார்கள் என்று ஊரில் சிலர் அவர்களை விரட்டிவிட்டார்கள். "எங்க ஊர்க் கிழவிங்க கண்ணுதான் உங்களுக்குப் பரீட்சைப் பேப்பரா?" என்று ஊர் அண்ணன் ஒருவர் கத்துகிறார். சுற்றி நிற்கிறவர்கள் கை தட்டுகிறார்கள். வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் சிதறிக் கிடந்த ஃபார்ம்களைப் பொறுக்கிக்கொண்டு வேனில் ஏறுகிறார்கள். அத்தோடு வீடியோ முடிகிறது.

முடிந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டாமா? பிள்ளைகளோடு டாக்டரும் கிளம்பிவிட்டார். கண்புரை முற்றி, ஆபரேஷனுக்குப் பெயர் எழுதி, மாற்றுச் சேலையும் வெற்றிலைப் பையுமாக எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆத்தாமார்கள் வந்த வழியே வீட்டுக்குப் போனார்கள். அவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு யாரும் கை தட்டவும் இல்லை.

அந்தப் பிள்ளைகளை விரட்டியது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஒருவராவது கேட்டீர்களா? வந்தவர்களில் பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். படிக்கிறவர்கள். அவர்கள் கத்தியைத் தொடுவதே இல்லை. பலகையைக் காட்டி எத்தனாவது வரி வரை தெரிகிறது என்று குறிப்பார்கள், டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று விசாரிப்பார்கள். ஒருத்தி மட்டும் கண் மருத்துவத்தில் எம்.எஸ். படிப்பவள். அவள் கையில் இருந்தது தீசிஸுக்கான, அதாவது படிப்பு முடிக்க எழுத வேண்டிய ஆராய்ச்சிக் கட்டுரைக்கான, கேள்வித்தாள். தீசிஸ் இல்லாமல் எம்.எஸ். முடிக்க முடியாது. மறுநாள் காலை வகுப்பு திறக்கும்போது அதில் ஒரு தாள் வராந்தா மூலையில் கிடந்தது, எடுத்துப் படித்தேன். பார்வை மங்கி எவ்வளவு காலம்? இத்தனை நாள் ஏன் ஆபரேஷனுக்கு வரவில்லை? கூட வர ஆள் இல்லையா, பயமா, பணமா? இவைதான் கேள்விகள். இதையா கிழித்துப் போட்டீர்கள்? 2015இலிருந்து 2019 வரை நடந்த தேசிய ஆய்வின்படி, 50 வயதுக்கு மேல் பார்வை இழந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் காரணம் புரைதான். ஆபரேஷன் செய்தால் சரியாகிற ஒன்றுக்காக இத்தனை பேர் இருட்டில் கிடக்கிறார்கள். ஏன் என்று கேட்க வந்த பிள்ளையைத் துரத்திவிட்டோம்.

மாணவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் டாக்டர் புரை எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு மாணவன், எடுத்த லென்ஸுக்குப் பதிலாக வேறொன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டான். போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் போன விமானக் கண்ணாடியின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் கிடந்ததை ரிட்லி முன்பே கவனித்திருந்தார். மாணவன் கேட்டது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1949 நவம்பர் 29 அன்று முதல் முறையாக ஒரு செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் வைத்தார். பெரிய பெரிய டாக்டர்கள் பல வருஷம் அவரை எதிர்த்தார்கள். இன்று புரை எடுத்த உங்கள் அம்மா, என் அம்மா, எல்லார் கண்ணிலும் இருக்கிற லென்ஸ் அந்தக் கேள்வியின் பலன். அந்த மாணவனை அன்றைக்கு வேனில் ஏற்றி அனுப்பியிருந்தால்?

எங்கள் அம்மிச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, அந்த லென்ஸ் கிடைக்கவில்லை. அவள் காலத்துக் கேம்பில் புரையை எடுத்ததோடு சரி. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாதே என்று நாள் கணக்கில் படுக்க வைத்தார்கள். அப்புறம் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. அதில் பார்த்தால் எல்லாமே கால்பங்கு பெரிசாக, கிட்டத்தில் தெரியும். காபித் தம்ளர் ஒரு இடத்தில் இருக்கும், அவள் கை வேறு இடத்துக்குப் போகும். கொட்டிவிட்டு எங்களைப் பார்க்காமல் துடைப்பாள். 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் நம்மைப் போன்ற வீடுகளுக்கு அது எட்டியது. அதுவும் ஆராய்ச்சிதான். இங்கேதான் நடந்தது.

"ஏழை கண்ணில்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா, பணக்காரன் கண்ணில் கற்றுக்கொள்ளட்டுமே" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்கத் தூக்கலாக இருக்கிறது. எனக்கும் வலிக்கிற கேள்விதான் அது. ஆனால் கண் டாக்டர் எப்படி உருவாகிறார் என்று அவருக்குத் தெரியுமா? முதலில் ஆட்டுக் கண்ணில் வெட்டித் தைத்துப் பழகுகிறார்கள். பிறகு மனிதக் கண்ணில் ஒரே ஒரு கட்டம். அது கைக்கு வந்த பிறகு அடுத்த கட்டம். பெரிய டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதே மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பார், கை தடுமாறினால் வாங்கிக்கொள்வார். புரைக்குப் பின்னால் இருக்கிற உறை சுமார் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் கிழிக்காமல் வேலை செய்யப் புத்தகம் படித்தால் போதுமா? நீங்கள் கோயமுத்தூரில் காசு கொடுத்துப் பார்க்கிற டாக்டரும் ஏதோ ஒரு ஆத்தாவின் கண்ணில் கற்றுக்கொண்டவர்தான். அந்த ஆத்தாவுக்கு நன்றி சொல்லுங்கள். அடுத்த டாக்டர் வரும் வழியை அடைக்காதீர்கள்.

என் அப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் கள் இறக்குகிறவர். பாளை சீவும்போது பன்னாடைத் தூசி கண்ணில் விழுந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். தாய்ப்பால் விட்டோம், விளக்கெண்ணெய் விட்டோம். கறுவிழியில் வெள்ளையாகப் புண் படர்ந்த பிறகுதான் கோயமுத்தூருக்கு ஓடினோம். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு சின்ன வயசு டாக்டர்தான் மரத்துப்போகிற சொட்டு விட்டு, புண்ணைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். நூல் நூலாக, கிளை விட்டு நின்றது. பூஞ்சை. நேட்டமைசின் சொட்டு, மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும். குலுக்கித்தான் விட வேண்டும், இமையெல்லாம் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். நடுராத்திரியிலும் வந்து எட்டிப் பார்த்தவர் அந்தப் படிக்கிற பிள்ளைதான். அப்பா கண்ணின் ஓரத்தில் பூ விழுந்த தடம் இன்னும் இருக்கிறது. பார்வையும் இருக்கிறது.

அந்த மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பின்னால் தேடிப் படித்தேன். வோரிகோனசோல் என்று புது மருந்து வந்தபோது, அதுதான் மேல் என்று பலர் நினைத்தார்கள். தென்னிந்தியாவின் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2013இல் முடிவு வந்தது. பழைய நேட்டமைசின்தான் மேல். காட்டு வேலையிலும் தோப்பு வேலையிலும் கண்ணில் அடிபடுகிற நம் ஆட்களுக்கு எந்தச் சொட்டு சரி என்பதை, அந்த 323 பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதால்தான் உலகமே தெரிந்துகொண்டது. அவர்களைச் சோதனை எலி என்று என் முன்னால் யாரும் சொல்லக் கூடாது.

"பெரம்பலூர் மறந்துபோச்சா?" என்கிறார்கள். 2008இல் முகாம் ஆபரேஷனுக்குப் போனவர்கள் பார்வை இழந்ததை எப்படி மறப்பது? அது கிருமித் தொற்று. அதைத் தடுக்க என்ன வழி என்று தேடியதும் ஆராய்ச்சிதான். ஆபரேஷன் முடியும்போது மாக்சிஃப்ளாக்சசின் என்ற கிருமி கொல்லும் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைகிறது என்று அரவிந்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களை வைத்து 2017இல் எழுதினார்கள். பயம் நியாயம்தான். பயத்துக்குப் பதில் தேடுகிறவனை அடிப்பது எந்த ஊர் நியாயம்?

ஃபார்ம் மலையாளத்தில் இருந்தது என்கிறீர்கள். ஆமாம், இருந்தது. அதில் எனக்கு உங்களைவிடக் கோபம் உண்டு. ஆராய்ச்சியில் சேருகிறவருக்குப் புரிகிற மொழியில் விளக்கம் தர வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால் சாட்சி வேண்டும், நடுவில் விலகினாலும் சிகிச்சை குறையக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். விதிமுறை 2017இலேயே தெளிவாகச் சொல்கிறது. தமிழ் பேசுகிற நம்ம கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, எருத்தேம்பதி பக்கம் வருகிறவர்கள் தமிழில் ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தால் என்ன? நான் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிறவன். எங்கள் பிள்ளைகளுக்கு எந்த அலுவலகத் தாளும் தமிழில் வராத அலைச்சலை வாழ்க்கை பூராவும் பார்க்கிறேன். ரேஷன் கடையில், வில்லேஜ் ஆபீசில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் இன்னொருத்தரைப் படித்துச் சொல்லச் சொல்லி நிற்கிறோம். அங்கெல்லாம் ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர்களுக்கு, எதிர்த்துப் பேசத் தெரியாத பிள்ளைகளைக் கண்டதும் தமிழ்ப் பற்று வந்துவிட்டது. மொழிக்காக அந்த ஃபார்மை அச்சடித்த காலேஜுக்கு எழுதியிருக்க வேண்டும். தூக்கிப் போட்டது யார் கையில் இருந்த தாளை? அந்த எம்.எஸ். படிக்கிற பெண் ஆத்தாமார்களிடம் கேட்டதெல்லாம் தமிழில்தான். அவள் நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பொண்ணு. நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தி கண் டாக்டராகி நம்மிடமே வந்தாள், நாம் கொடுத்த மரியாதை இது.

நான் காலேஜுக்குச் சார்பு என்று கமெண்டில் எழுதப் போகிறவர்கள் எழுதுங்கள். அந்தக் காலேஜில் எனக்கு யாரும் இல்லை.

கேள்வித்தாளையும் சம்மதப் படிவத்தையும் நானும் எங்கள் ஸ்கூல் டீச்சர்கள் இரண்டு பேரும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் காலேஜுக்கு அனுப்பி, முகாமைத் திரும்ப நடத்தச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வீடியோ எடுத்த தம்பியிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்குத் திரும்பிப் போனவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இரண்டு கண்ணும் தெரியாதவர்களும் அதில் இருக்கிறார்கள். முகாம் மறுபடி வரும் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போக வண்டியும், கூட இருக்க ஆளும் வேண்டும். இன்பாக்ஸில் வாருங்கள், பட்டியல் தருகிறேன்.