28,000 ரூபாயும் 500 வெப் டைரக்டரியும்

இலங்கையின் மாங்குளத்தில் அண்ணை தண்ணீர்ப் பம்ப் திருத்தும் கடை வைத்திருக்கிறார். போன வருடம் யாரோ போன் எடுத்து, "உங்கட கடையை 500 வெப் டைரக்டரியில பதிஞ்சு தாறம் ஐயா, கூகுளில முதல் பக்கத்தில வரும்" என்று சொல்ல, நம்பி 28,000 ரூபாய் கட்டிவிட்டார். வெப் டைரக்டரி என்றால் இணையத்தளங்களையும் கடைகளையும் வகைவகையாகப் பட்டியல் போடுகிற தளம். கிறீஸ் கையோடு எத்தனை பம்பைக் கழற்றிப் பூட்டிச் சேர்த்த காசு அது! நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

அவர்கள் அனுப்பிய பட்டியலை நேற்று இரவு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முதல் நாற்பதில் பதினொன்று திறக்கவே இல்லை. ஒன்றில் பல் வைத்தியர்களுக்கு நடுவே அண்ணையின் கடை. இன்னொன்றில் மாங்குளம், மதுரை என்று போட்டிருக்கிறார்கள். தமிழி என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு இருக்கிற அந்த மாங்குளத்துக்கும் ஏ9 வீதியில் இருக்கிற எங்கள் மாங்குளத்துக்கும் நடுவே கடல் கிடக்கிறது! பலவற்றில் அண்ணை கைவிட்டு மூன்று வருடமான பழைய போன் நம்பர். காசு வாங்கியவர்கள் ஒரு தடவையாவது நம்பரைச் சரிபார்த்திருக்க வேண்டாமா?

வெப் டைரக்டரிக்கும் ஒரு காலம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. தேடுபொறிகள் தடுமாறிய நாட்களில் யாகூவின் பட்டியலைப் பார்த்துத்தான் சனம் தளங்களைக் கண்டுபிடித்தது. 1998இல் தொடங்கிய டிமோஸ் என்ற டைரக்டரியில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு தளத்தையும் கண்ணால் பார்த்துத்தான் சேர்த்தார்கள், அதனால் அதில் இடம் கிடைப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. யாகூ டைரக்டரியை 2014 இறுதியில் மூடினார்கள், டிமோஸை 2017 மார்ச்சில். அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில், கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிக் கண்ட இடமெல்லாம் தங்கள் தளத்துக்கு இணைப்புகளைக் குவித்துத் தேடலில் மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. தரமில்லாத டைரக்டரி இணைப்புகள் ஸ்பாம், அதாவது ஏமாற்றுக் குப்பை என்று கூகுளின் விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் செத்த சரக்கைத்தான் இன்றைக்கும் கொண்டுவந்து எங்கள் சனத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

சரி, எந்தப் பட்டியலும் வேண்டாமா? வேண்டும். கூகுள் வரைபடத்தில் இருக்கிற பதிவு வேண்டும். அதுக்குச் சதமும் கட்டத் தேவையில்லை. அதைத்தான் ஒருவரும் அண்ணைக்குச் சொல்லவில்லை. யாரோ எப்போதோ குத்திவிட்ட புள்ளி, கடையை ஒட்டுசுட்டான் வீதியில் காட்டுக்கரையில் காட்டிக்கொண்டிருந்தது.

ஆடி வெயிலில் நெடுங்கேணியிலிருந்து ஒரு ஐயா மோட்டார் சைக்கிளின் பின்னால் பம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வந்தார். சேர்ட் முழுக்க நனைந்திருந்தது. "தம்பி, போன் காட்டின இடத்தில பாலை மரந்தான் நிக்குது. ரெண்டு தரம் போய்த் திரும்பினன். அங்க கச்சான் வாடுது" என்றார். வந்த களைக்குத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பம்பைத்தான் இறக்கினார்.

அடுத்த நாளே கடை வாசல், பெயர்ப்பலகை, உள்ளே இருக்கிற சாமான்கள் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் கூகுளுக்கு அனுப்பி, பதிவை எங்கள் பொறுப்புக்கு எடுத்தோம். புள்ளியைச் சரியான இடத்தில் வைத்தோம், நம்பரை மாற்றினோம், திறக்கிற நேரம் போட்டோம். அருகில் இருக்கிறதா, தேடுவதற்குப் பொருந்துகிறதா, நாலு பேருக்குத் தெரிந்த கடையா என்று பார்த்துத்தான் கூகுள் வரிசைப்படுத்துகிறது. காசு கட்டி அந்த வரிசையில் ஏற முடியாது என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். செலவு டேட்டா மட்டுந்தான்.

போன கிழமை அதே ஆட்கள் திரும்ப எடுத்தார்கள், பதிவைப் புதுப்பிக்க 15,000 வேண்டுமாம். போனை நான் வாங்கினேன். "உங்கட 500இல ஒன்றைப் பார்த்து இந்தக் கடைக்கு வந்த ஒரு ஆளைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

பழைய நம்பரை எடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு டைரக்டரிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவரை அறுபத்திரண்டுக்கு எழுதிவிட்டேன். பதில் போட்டது இரண்டே இரண்டு, அதில் ஒன்று அழிப்பதற்கும் காசு கேட்கிறது.