இந்த ‘ஆஃப்’பும் ‘வித்’தும் என் சோற்றில் மண்ணைப் போடுகின்றன

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டியார் வீட்டை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் என் பிழைப்பு. 14 வருஷமாகக் காட்டுகிறேன். முகப்பில் ஆரம்பித்து, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி என்று நடந்து பின்வாசலில் இறங்கினால் அடுத்த தெரு வந்துவிடும். அவ்வளவு நீளம். போன வாரம் ஒரே நாளில் நாலு குழு. கடைசிக் குழுவில் வந்த ஓர் அம்மாள், நான் தூணில் சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று பரிவாகக் கேட்டார். கால் கடுத்த கடுப்பில், “ஐ ஆம் டயர்ட் ஆஃப் ஷோயிங் திஸ் ஹவுஸ்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அந்த அம்மாள் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலையில் மேனேஜர் போனை என் மூக்குக்கு நேராக நீட்டுகிறார். வீடு அருமை, சாப்பாடு அருமை, ஆனால் சுற்றிக் காட்டியவருக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை போலிருக்கிறது. நாலு நட்சத்திரம்.

நான் சொல்ல வந்தது என்ன? நடந்து நடந்து களைத்துவிட்டேன் என்பது. அதற்கு ‘டயர்ட் ஃப்ரம்’ வர வேண்டுமாம். ‘டயர்ட் ஆஃப்’ என்றால் சலித்துப்போச்சு, வெறுத்துப்போச்சு என்று அர்த்தமாம். டயர்ட் என்னவோ அதே டயர்ட்தான். பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த பொடிச் சொல் ஒன்று, என் கால் வலியை மனக்கசப்பாக மாற்றி மேனேஜர் போன் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

இது முதல் தடவையும் இல்லை. வளவில் ஒரு பெரிய ஆச்சியின் படம் மாட்டியிருக்கிறது. பர்மாவில் கடை வைத்திருந்த செட்டியாரைக் கட்டிக்கொண்டவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான், “ஷீ வாஸ் மேரிட் வித்” என்று ஆரம்பித்து, பக்கத்துப் படத்தில் இருக்கும் செட்டியாரைக் காட்டக் கையைத் தூக்குவதற்குள், கூட்டத்தில் ஒருவர் “ஹவ் மெனி சில்ட்ரன்?” என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணப் பேச்சு எடுத்த உடனேயே பிள்ளைக் கணக்கா! அப்புறம்தான் புரிந்தது. ‘மேரிட் வித் த்ரீ சில்ட்ரன்’ என்பது சரியான ஆங்கிலம். கல்யாணம் ஆகி மூன்று பிள்ளைகள் என்று பொருள். கட்டிய புருஷனைச் சொல்லத்தான் ‘மேரிட் டு’. அதாவது புருஷனுக்கு ‘டு’, பிள்ளைகளுக்கு ‘வித்’. அவரோடு கல்யாணம் என்று தமிழில் சொல்லி வளர்ந்தவன் வேறு என்னத்தைச் சொல்வான்?

இந்த வீட்டு ஆச்சி திருவிழாவுக்கு வரும்போது சொல்வார், நகரத்தாருக்கு, அதாவது எங்கள் செட்டியார்களுக்கு, 9 கோயில், ஒரே கோயில் ஒரே பிரிவு என்றால் பங்காளி, பெண் எடுக்க மாட்டோம் என்று. வெளியாள் நான், எனக்கே ஒரு தடவை கேட்டதும் விளங்கிவிட்டது. எந்தப் பெயரடை எந்தச் சொல்லோடு சம்பந்தம் பண்ணும் என்பதற்கு இங்கிலீஷ்காரனிடம் அப்படி ஒரு விதியைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம். பயப்பட்டால் ‘அஃப்ரைட் ஆஃப்’. கவலைப்பட்டால் ‘வொரிட் அபவுட்’. குடத்தில் தண்ணீர் இருந்தால் ‘ஃபுல் ஆஃப் வாட்டர்’. அதே குடத்தில் அதே தண்ணீரை நான் ஊற்றி நிறைத்தால் ‘ஃபில்ட் வித் வாட்டர்’. ஒருத்தரை நம்பி இருந்தால் ‘டிபெண்டண்ட் ஆன்’. முன்னால் ஓர் ‘இன்’னைச் சேர்த்து ‘இண்டிபெண்டண்ட்’ ஆக்கினால் பின்னால் இருந்த ‘ஆன்’ ஓடிப்போய் ‘ஆஃப்’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. தலையில் பூ வைத்ததற்குக் காலில் கிடந்த செருப்பு மாறிய கதை.

தமிழில் பாருங்கள். ஒருத்தர் மேல் கோபம், ஒருத்தர் மேல் பாசம், ஒருத்தர் மேல் பொறாமை, ஒருத்தர் மேல் சந்தேகம். மனசுக்குள் இருக்கிற அத்தனையையும் தூக்கி ஆள் ‘மேல்’ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஆங்கிலத்தில் கோபத்துக்கு ‘ஆங்க்ரி வித்’. பாசத்துக்கு ‘ஃபாண்ட் ஆஃப்’. பொறாமைக்கு ‘ஜெலஸ் ஆஃப்’. ‘கீன் ஆன்’ என்று ஆசை மட்டும் எப்படியோ நம்மைப் போல மேலே ஏறிவிட்டது. “ஒய் ஆர் யூ ஆங்க்ரி ஆன் மீ?” என்று காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் போனில் கெஞ்சினால் பக்கத்தில் நிற்பவன் சிரிக்கிறான். ஏன் சிரிக்க வேண்டும்? அவன் அப்பத்தா சொல்லிக்கொடுத்த தமிழைத்தானே அந்தப் பையன் பேசுகிறான்? எங்கள் சமையல்கார அண்ணன் சமையலில் கெட்டிக்காரர். அந்த ‘இல்’தான் ‘குட் இன் குக்கிங்’ ஆகி என் வாயில் வரும். ‘குட் அட்’ என்று திருத்துவார்கள். சரி, கவுனி அரிசிக்கு ‘அட்’ போட்டால்? அதற்கு ‘குட் ஃபார் ஹெல்த்’. அண்ணன் குழந்தைகளிடம் நன்றாகப் பழகுவார் என்றால் ‘குட் வித் சில்ட்ரன்’. என்னிடம் நல்ல மாதிரி நடந்துகொள்கிறார் என்றால் ‘குட் டு மீ’. ஒரே அண்ணன், ஒரே ‘குட்’!

தமிழ் மட்டும் ஒழுங்கா என்று கேட்பீர்கள். நாய்க்குப் பயம் என்கிறோம், நாயைக் கண்டால் பயம் என்கிறோம், ஒத்துக்கொள்கிறேன். நமக்கும் 8 வேற்றுமை இருக்கிறது, அதைப் படிக்கிற வெளிநாட்டுக்காரனுக்கும் தலை சுற்றும். ஆனால் அவன் ‘நாயில் பயம்’ என்று சொன்னால் நாம் பூரித்துப்போய் காபி வாங்கிக் கொடுப்போம். நட்சத்திரத்தைக் குறைக்க மாட்டோம்.

இதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் மகள் பரீட்சைத் தாளோடு வந்தாள். எட்டாம் வகுப்பு. ‘அவர் ஹவுஸ் இஸ் டிஃபரண்ட்’ என்று எழுதி, ஒரு கோடு, அப்புறம் ‘யுவர்ஸ்’. இவள் ‘டு’ என்று நிரப்பியிருக்கிறாள். சிவப்பு மையில் பெருக்கல் குறி, அரை மார்க் போச்சு. அவள் அதை எங்கே பிடித்தாள் தெரியுமா? லீவில் என்னோடு விடுதிக்கு வந்தபோது, ஒரு லண்டன்காரர் ஆத்தங்குடிக் கல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே “டிஃபரண்ட் டு அவர் டைல்ஸ்” என்று சொன்னதைக் கேட்டு. இங்கிலாந்தில் ‘டு’ சர்வசாதாரணம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் ‘டிஃபரண்ட் தேன்’ என்கிறார்கள். ‘ஃப்ரம்’ எங்கேயும் செல்லும், அதனால் அதைச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் லண்டன்காரன் பேசுவதை காரைக்குடியில் தப்பு என்று சுழிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அதே தாளில் ‘சீனியர் தேன்’ என்று எழுதியதற்கும் ஒரு பெருக்கல் குறி. இது நிஜமாகவே தப்புதான், ‘சீனியர் டு’ என்றுதான் வரும். ஏனென்று கேட்டாளாம். “அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு” என்று பதில். இந்த ஓர் இடத்திலாவது காரணம் இருக்கிறதே! சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை. ஒப்பிடுவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் ‘தேன்’ ஒட்டாது, ‘டு’தான். ஒரு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். எனக்கே எங்கள் விடுதியில் தங்கிய ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொல்லித்தான் தெரியும். காரணம் இருக்கிற இடத்தில் காரணத்தைச் சொல்லுங்கள். இல்லாத இடத்தில் ‘ஃபாண்ட் ஆஃப்’பை ஒரே சொல்லாக, தேன்குழல் என்று சொல்வதைப் போல, சேர்த்தே வாயில் ஏற்றுங்கள். இரண்டையும் பிய்த்து நடுவில் கோடு போட்டு வைத்தால் குழந்தை எதை வைத்து நிரப்பும்? ஆறில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டுவிட்டு வருகிறது.

நேற்று ராத்திரி மறுபரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, ஆங்க்ரிக்கு வித்தா, அபவுட்டா?” என்றாள்.

“ஆள் மேல கோபம்னா வித். விஷயத்து மேல கோபம்னா அபவுட்.”

“அப்ப உனக்கு?”

“ரெண்டையும் எழுதிக்க” என்று சொல்லிவிட்டு, காலுக்குத் தைலம் தேடப் போனேன்.