ஆத்தா ஏசினால் யாருக்கும் கோபம் வராது

சாமியைக் கிண்டலடித்தது என்று ஒரு படத்துக்கு எதிராகக் கொடி பிடிக்கிறார்கள். அதைவிடக் காரமான இன்னொரு படத்தைக் குடும்பமே உட்கார்ந்து சிரித்துப் பார்க்கிறது. ஏன் என்று கேட்டால் "எல்லாம் அரசியல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அரசியல் இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் தப்பித்த படங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒரு தையல் வேலை தெரியும். எங்கே கத்தரி வைத்தாலும் வெட்டிய துண்டு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும்.

நயன்தாராவின் இரண்டு படங்களே போதும். 'மூக்குத்தி அம்மன்' 2020 தீபாவளிக்கு நேரே ஓடிடியில் வந்தது. கதாநாயகன் பெயர் எங்கெல்ஸ் ராமசாமி. அந்தப் பெயருக்குள்ளேயே எத்தனை வம்பு! போலிச் சாமியார், பக்தி வியாபாரம், குலதெய்வத்தை மறந்துவிட்டுத் திருப்பதிக்குப் போகத் துடிக்கிற வீடு என்று படம் கை வைக்காத இடம் குறைவு. முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் படத்தை இறக்கும் அளவுக்கு எதுவும் போகவில்லை. கனமான பேச்செல்லாம் யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். அம்மன் வாயில். பதினைந்து விநாடி வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டாலும், நகை நட்டோடு நிற்கும் அம்மனே சாமியாரைத் திட்டுவதுதான் தெரியும். முறைப்பாடு கொடுக்கிறவர் ஆத்தாவுக்கு எதிராக அல்லவா கொடுக்க வேண்டும்?

'அன்னபூரணி' நகைச்சுவைப் படமல்ல, ஆனாலும் பாடம் அதில்தான் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 திரையரங்குக்கு வந்தது, தணிக்கைச் சான்றிதழ் இருந்தது, பெரிய சத்தமில்லாமல் போனது. மாதக் கடைசியில் நெட்ஃபிளிக்ஸ். சில நாளில் மும்பையில் முறைப்பாடு, ஜனவரி நடுப்பகுதிக்குள் படமே தளத்தில் இல்லை. ஜனவரி 22 அயோத்திக் கோயில் திறப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாட்டிய துண்டு, ராமரும் இறைச்சி சாப்பிட்டவர்தான் என்று ஐயங்கார் வீட்டுப் பெண்ணிடம் முஸ்லிம் நண்பன் சொல்லும் இடம். வால்மீகியைச் சாட்சிக்கு இழுத்தும் பலனில்லை. துண்டு போன இடமெல்லாம் சொன்னது என்ன என்பதற்கு முன்னால் சொன்னவன் யார் என்பது போய் நின்றது. அதே வசனத்தைக் கோயில் பிரசாதம் சமைக்கும் அவள் அப்பா சொல்லியிருந்தால் படம் தப்பியிருக்கும் என்பது என் கணிப்பு.

இந்தச் சூத்திரம் நம் இலங்கை மலையகத்துக்குப் புதுசில்லை. மாசியில் காமன் கூத்து நடக்கும்போது, புருசனை எரித்த சிவனை ரதி சபை நடுவே வைத்து ஏசுகிறாள், தப்பு மேளம் அதிர அதிர ஒப்பாரி வைக்கிறாள். சனம் ரதி பக்கம் நின்று கண் கலங்குகிறது. நடுவே கோமாளி ஒருபக்கம், குறவன் குறத்தி ஒருபக்கம். சிவநிந்தை என்று யாராவது எழும்பிப் போனார்களா? ரதி வேசம் கட்டியவர் காப்புக் கட்டி விரதம் இருந்தவர், களத்தில் கம்பம் ஊன்றியிருக்கிறது. ஏசுவதற்கான உரிமையை முதலில் சம்பாதித்துக்கொண்டுதான் ஏசுகிறார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் அப்படித்தான். சாமியாடி வாயால் ஆத்தா கோயில் தலைவரைப் பிடிபிடியென்று பிடிப்பாள், அவர் குனிந்து திருநீறு வாங்கிக்கொண்டு போவார். 'மூக்குத்தி அம்மன்' இந்தச் சாமியாட்டத்துக்குப் படமெடுத்த வடிவம் என்றே சொல்வேன்.

இந்திக்காரர்களும் கணக்கைப் புரிந்துகொண்டார்கள். 'ஓ மை காட்' 2012இல் வந்தபோது கடவுள் மேல் வழக்குப் போடுகிறவர் நாத்திகர். 2023இல் இரண்டாம் பாகத்தில் வழக்குக்குப் போகிறவர் பரம சிவபக்தர். அதற்கும் தணிக்கை விடவில்லை. அக்சய் குமாரை சிவனாக இல்லாமல் சிவனின் தூதராக மாற்றச் சொல்லி, வயது வந்தோருக்கான 'ஏ' சான்றிதழும் கொடுத்தார்கள்.

நம் நாட்டில் கத்தி இன்னும் கூர். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை ஒட்டி வந்த 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன மத வெறுப்பைத் தூண்டுவதற்குப் பத்து வருடம் வரை கடூழியச் சிறை என்கிறது. நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றம்தான் தரலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். மேடை நகைச்சுவைக் கலைஞர் நதாஷா எதிரிசூரிய பௌத்தத்தைப் பற்றிப் பேசியதற்காக இதே சட்டத்தின் கீழ் 2023 மே 28 கட்டுநாயக்கவில் கைதானார். பிணை கிடைத்தது ஜூலை 5. அரங்கில் பேசியபோது வராத பிரச்சினை, காணொளி பரவிய பிறகு வந்தது. மேடை நகைச்சுவையில் கதையில்லை, பாத்திரமில்லை. மைக்கும் ஓர் ஆளும் மட்டும். வெட்டினால் அந்த ஆள்தான் மிஞ்சுவார், பழியை வாங்கிக்கொள்ள வேறு யாருமில்லை.

ஆகவே அட்டன், பண்டாரவளைப் பக்கம் குறும்படமும் யூடியூப் காமெடியும் எடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு: எடிட் முடிந்ததும் முழுசாகப் போட்டுப் பார்த்துச் சிரிப்பது சோதனையில்லை. சாமி, ஐயர், ஹாமதுரு (பௌத்த பிக்கு), மௌலவி, பாதர் என்று எந்தச் சொல் வந்தாலும் அந்த இடத்தின் முன்னும் பின்னும் பதினைந்து விநாடி தனியாக வெட்டுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிடுங்கள். பஸ்ஸில் போன் பார்ப்பவர்களில் பலர் அப்படித்தான் பார்க்கிறார்கள். பிறகு படத்தை மூடிச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் சிரிப்பு யார் மேல் விழுகிறது? உண்டியலை எண்ணும் நிர்வாக சபை மேல் விழுந்தால் பரவாயில்லை. சிலை மேல் விழுந்தால் காட்சியை மாற்றுங்கள். சொல்கிறவர் அந்த மதத்துக்காரரா என்றும் பாருங்கள். நம் ஆத்தாவை நாம் ஏசலாம். பக்கத்து விகாரையைப் பற்றிய ஒரு வரி, அது எவ்வளவு அப்பாவியான வரியாக இருந்தாலும், வேறு கணக்கில் போகும். நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் விளக்கமறியலில் இருந்துகொண்டு நியாயம் பேசுவது சிரமம்.

காணொளிக்கு முகப்பாக வைக்கும் சிறுபடத்தில் (தம்ப்நெயில்) கவனம். சாமி வேசத்தோடு சிகரெட் பிடிக்கும் படப்பிடிப்பு இடைவேளைப் படம் ஒன்று வெளியே போனால் கதை முடிந்தது. 2022இல் 'காளி' ஆவணப்படத்துக்கு வந்த வினை, காளி வேசத்தில் சிகரெட் பிடிக்கும் சுவரொட்டியால் வந்தது. ஏசியவர்களில் பெரும்பாலோர் படத்தின் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

கடைசியாக, யாரும் கவனிக்காத இடம்: படத்தின் அடியில் ஓடும் சிங்கள எழுத்துவரி (சப்டைட்டில்). "ஆத்தா, உனக்குக் கண்ணே இல்லையா?" என்பது நமக்கு அழுகை, கோயில் வாசலில் தினமும் கேட்கிற பிரார்த்தனை. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி அடியில் போட்டால், அம்மனைக் குருடி என்று ஒருத்தி நக்கலடிக்கிறாள் என்று வாசிக்கப்படும். வெளியிடுவதற்கு முன்னால் தமிழே தெரியாத ஒருவரிடம் அந்த வரிகளை மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.