அனான்சியைத் திருத்த வேண்டாம்

கரீபியத் தீவுகளின் சிறுவர் கதைகளைப் பற்றிப் பேச வேண்டுமானால் அனான்சியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். சிலந்தியாகவும் மனிதனாகவும் மாறி மாறித் தோன்றும் இவன், இன்றைய கானா நாட்டில் வாழும் அகான் மக்களின் கதைகளில் பிறந்தவன். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்கள் தங்கள் உடைமை எதையும் கொண்டுவர வழியில்லாமல், நினைவில் இருந்த இவனை மட்டும் கொண்டுவந்து ஜமைக்காவிலும் சூரிநாமிலும் குரசாவோவிலும் குடியேற்றினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் இவனுடைய இடத்தை முயலும், ஹைத்தியில் மாலிஸ் என்ற தந்திரக்காரனும் பிடித்துக்கொண்டார்கள். மாலிஸிடம் ஏமாறுவதற்கென்றே அங்கே பூக்கி என்ற அப்பாவி ஒருவனும் இருக்கிறான்.

இந்த அனான்சியை இப்போது படப்புத்தகங்கள் பல நல்லவனாக்கிவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம். பேராசைப்படுகிறான், மாட்டிக்கொள்கிறான், மன்னிப்புக் கேட்கிறான், கடைசிப் பக்கத்தில் எல்லோரோடும் பகிர்ந்து உண்கிறான். அனான்சி கதைகள் குழந்தைகளுக்கு ஏமாற்றக் கற்றுக்கொடுக்கின்றன என்ற குற்றச்சாட்டு ஜமைக்காவிலேயே நெடுங்காலமாக இருந்துவருவதால், பதிப்பாளர்களின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அந்தக் குற்றச்சாட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்களும் இதே காரியத்தை வேறு வழியில் செய்கிறார்கள். கரும்புத் தோட்ட முதலாளியின் சாட்டைக்கு முன்னால் மூளையை மட்டுமே ஆயுதமாகக் கொண்டிருந்த அடிமையின் உருவம்தான் அனான்சி, கதைகளில் அவனிடம் ஏமாறும் புலிதான் வெள்ளை முதலாளி என்று அவர்கள் விளக்குகிறார்கள். அதில் பெரும் உண்மை இருக்கிறது. ஆனாலும் அனான்சி புலியை மட்டும் ஏமாற்றவில்லை. மனைவியை ஏமாற்றுகிறான், பிள்ளைகளின் பங்கைத் தின்கிறான், நம்பி வந்த நண்பனையும் விட்டுவைப்பதில்லை. அவனை விடுதலைப் போராளியாக மட்டும் நிறுத்துவதும் ஒருவகையில் அவனைக் கழுவித் துடைத்து வைப்பதுதான்.

கதை சொன்னவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. அதனால்தான் ஜமைக்காவில் கதை முடிந்ததும் ஒரு மரபுத்தொடர் வருகிறது: ‘ஜாக் மண்டோரா, மி நோ சூஸ் நன்’. கதையில் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, யாரையும் நான் குறிவைத்துச் சொல்லவில்லை என்று கதைசொல்லி கை கழுவிக்கொள்கிறார். நியாயம் எது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை, கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. குழந்தையின் அறிவை இதைவிட மதிக்கும் ஓர் ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒரு கதையைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் தானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அனான்சி திட்டமிடுகிறான். அகப்பட்ட அறிவையெல்லாம் திரட்டி ஒரு சுரைக்குடுக்கையில் அடைத்து, யார் கைக்கும் எட்டாமல் உயரமான மரத்தின் உச்சியில் ஒளித்துவைக்கப் புறப்படுகிறான். குடுக்கையைக் கயிற்றில் கட்டி, கழுத்திலிருந்து வயிற்றின்மேல் தொங்கவிட்டுக்கொண்டு ஏறுகிறான். குடுக்கை மரத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவனை ஏறவிடாமல் தடுக்கிறது. கீழே நின்ற ஒரு சிறுவன் சிரித்துவிட்டு, ‘குடுக்கையை முதுகுப்பக்கம் கட்டிக்கொண்டால் ஏறலாமே’ என்கிறான். இவ்வளவு சேர்த்த பிறகும் ஒரு பொடியனிடம் அறிவு மிச்சம் இருக்கிறதே என்ற ஆத்திரத்தில் அனான்சி குடுக்கையைப் போட்டு உடைக்கிறான். காற்று அள்ளிக்கொண்டு போன அறிவு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கிறது. அனான்சி இங்கே திருந்தவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அவனைவிடப் புத்திசாலி ஒரு சிறுவன் என்பதைக் கேட்ட பிள்ளைகள் அந்த இடத்தில் கைகொட்டியிருப்பார்கள். அதற்குமேல் ஒரு நீதிவாக்கியம் எதற்கு?

ஸ்பானிய மொழி பேசும் தீவுகளிலும் இந்தத் துணிவு உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்த புரா பெல்ப்ரே 1921-இல் நியூயார்க் பொது நூலகத்தில் பணிக்குச் சேர்ந்தபோது, தான் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த கதைகளில் ஒன்றுகூட அங்கிருந்த அலமாரிகளில் இல்லை என்பதைக் கண்டார். மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிக்கும் பெரேஸ் என்ற எலிக்கும் நடக்கும் கல்யாணக் கதையை முதலில் வாய்மொழியாகவே சொல்லிவந்தார்; 1932-இல் அது புத்தகமாக வந்தது. மணமான எலி, அடுப்பில் கொதிக்கும் பண்டிகைப் பலகாரத்தில் ஒரு பாதாம்பருப்பை எடுக்க ஆசைப்பட்டுப் பாத்திரத்துக்குள் விழுந்து செத்துப்போகிறது. மார்ட்டினா அழுகிறாள், கதை முடிகிறது. எலியை உயிர்ப்பித்துத் தர வேண்டும் என்று பெல்ப்ரேவுக்குத் தோன்றவில்லை. பொம்மலாட்டமாகவும் அந்தக் கதையை ஆண்டுக்கணக்கில் நடத்திக் காட்டினார். அவர் பெயரால் 1996 முதல் அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்கு விருது வழங்கப்படுகிறது.

கதையின் உள்ளடக்கத்தைப் போலவே அது சொல்லப்பட்ட முறையும் புத்தகத்துக்குள் வரும்போது அடிபடுகிறது. இவை இரவில் சொல்லப்பட்ட கதைகள். பகலில் அனான்சி கதை சொன்னால் கேடு வரும் என்று ஜமைக்காவின் கிராமங்களில் நம்பினார்கள். சாவு வீட்டில் இறந்தவருக்காக விழித்திருக்கும் இரவுகளிலும் இவை சொல்லப்பட்டன. பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். ஹைத்தியில் கதைசொல்லி ‘கிரிக்?’ என்று கேட்க, கூட்டம் ‘கிராக்!’ என்று பதில் கொடுத்தால்தான் கதை தொடங்கும். மார்த்தினிக்கில் அது நடுவிலும் தொடரும்: முற்றம் தூங்கிவிட்டதா என்று அவர் கேட்பார், தூங்கவில்லை என்று எல்லோரும் குரல் கொடுப்பார்கள். பதில் வராவிட்டால் கதை நகராது. கேட்பவருக்கு இவ்வளவு அதிகாரம் கொடுத்த ஒரு கலையை, தனியாக உட்கார்ந்து மௌனமாகப் படிக்கும் பொருளாக மாற்றும்போது பெரும்பகுதி போய்விடுகிறது.

பள்ளிக்கூடம் செய்தது இன்னும் கொடுமை. ஆங்கிலேயர் ஆண்ட தீவுகளில் பிள்ளைகள் கையில் இருந்தவை லண்டனில் அச்சான பாடநூல்கள். 1920-களில் கட்டரிட்ஜ் என்ற கல்வி அதிகாரி மேற்கிந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனி வாசகநூல் வரிசை ஒன்றைத் தொகுத்தார். அதன் அசட்டுத்தனத்தை மைட்டி ஸ்பாரோ 1963-இல் ஒரு கலிப்ஸோ பாட்டாகவே பாடி, டிரினிடாட் முழுவதையும் சிரிக்கவைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ சால்கி தம்முடைய ‘ஹரிகேன்’ நாவலை வெளியிட்டார். புயல், நிலநடுக்கம், வறட்சி, கலவரம் என்று வரிசையாக நான்கு சிறுவர் நாவல்கள் 1964-க்கும் 1967-க்கும் இடையில் வந்தன. ஜமைக்காப் பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூரையை உலுக்கும் காற்றைத் தங்கள் தீவிலேயே நடக்கும் கதையில் படிக்க முடிந்தது என்பதால் அந்த வரிசையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஆனால் அவையும் லண்டனிலிருந்துதான் வந்து இறங்க வேண்டியிருந்தது.

மொழி விஷயத்தில் துணிந்தவர் ‘மிஸ் லூ’ என்று ஜமைக்காவே அழைத்த லூயிஸ் பென்னட். வீட்டில் பேசும் பாட்வா என்ற ஜமைக்காப் பேச்சுமொழியைப் பள்ளியில் பேசினால் அடி விழுந்த காலத்தில், அந்த மொழியிலேயே கவிதை எழுதினார். 1970 முதல் 1982 வரை தொலைக்காட்சியில் ‘ரிங் டிங்’ என்ற நிகழ்ச்சியைப் பிள்ளைகளை எதிரில் உட்காரவைத்து நடத்தினார். பாட்டும் விடுகதையும் அனான்சியும் அவர்கள் பேசும் மொழியிலேயே வந்தன. அச்சுப் புத்தகம் தவறவிட்ட கேட்பவரின் குரலைத் தொலைக்காட்சி மீட்டுக்கொடுத்தது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இதே தீவுகளில் தமிழர்களும் கதை சொன்னார்கள். 1853 முதல் மார்த்தினிக்குக்கும், அடுத்த ஆண்டு முதல் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர்கள். மாரியம்மனும் மதுரைவீரனும் அங்கே இன்னும் வணங்கப்படுகிறார்கள். மொழிதான் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அந்தத் தீவுகளின் பேச்சுமொழியான கிரியோலில் முயலின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் என்பதால் இவை நமக்கு அவ்வளவு அந்நியமான கதைகள் இல்லை.

ஆகவே அனான்சியைத் தமிழில் கொண்டுவர நினைக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அண்மைப் படப்புத்தகங்களை மட்டும் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள். வால்டர் ஜெக்கில் 1907-இலும் மார்த்தா பெக்வித் 1924-இலும் வெளியிட்ட ஜமைக்காத் தொகுப்புகள் இரண்டிலும், கதைக்கு நடுவே பாடப்படும் பாட்டுகள் இசைக்குறிப்போடு பதிவாகியிருக்கின்றன. அந்தப் பாட்டுகளை நம் பிள்ளைகள் பாடும்படி தமிழில் எழுதுங்கள். முற்றத்தின் கேள்வியும் பதிலும் வரும் இடங்களைக் கதைக்குள்ளேயே விட்டுவையுங்கள். அனான்சி ஏமாற்றிவிட்டுத் தப்பித்துப் போகும் இடத்தில் அவனைப் போகவிடுங்கள்.