தேநீர் குடித்துக் கலைந்துபோனவர்களா?

உலகப் போர்க் காலத்தில் அமைதிக்காகக் கூடிய பெண்களைக் கேலி செய்த அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்குள் பதினோரு பேர் அந்தப் பேச்சின் காணொளியை உள்பெட்டியில் அனுப்பிவிட்டார்கள். “நீங்கதான் இதெல்லாம் படிப்பீங்களே, என்ன சொல்றீங்க?” என்று கேள்வி வேறு. சரி, சொல்லிவிடுகிறேன்.

“ரெண்டு உலகப் போருக்கும் நடுவுல பெண்கள் ஊர் ஊராப் போய் மாநாடு போட்டாங்க, டீ குடிச்சாங்க, தீர்மானம் எழுதினாங்க, கலைஞ்சாங்க. போர் நின்னுச்சா?” இதுதான் மேடையில் பேசியவர் கேட்டது. அரங்கமே சிரித்தது. அவர் பேசியதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது. முன்வரிசையில் பெண்களும் இருந்தார்கள்.

போர் நிற்கவில்லைதான். ஆனால் அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது? இந்தப் பெண்களில் பலருக்கு அன்று சொந்த நாட்டில் ஓட்டுரிமைகூட இல்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு 1944இல்தான் வந்தது. அவர்கள் கூடிக்கூடிப் பேசிய ஜூரிச்சும் ஜெனீவாவும் இருக்கிற சுவிட்சர்லாந்தில், நாடாளுமன்றத் தேர்தலில் பெண்கள் ஓட்டுப் போட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்கும் அறைக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவிட்டு, உள்ளே நடந்ததை ஏன் தடுக்கவில்லை என்று கேட்பது என்ன நியாயம்?

1919 மே மாதம் ஜூரிச்சில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டை மட்டும் சொல்கிறேன். முதல் உலகப் போர் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. தோற்ற நாடுகளிலிருந்து வந்த பெண்கள் பட்டினியில் ஒடுங்கிப்போயிருந்தார்கள். முன்பே நன்றாகத் தெரிந்த ஓர் ஆஸ்திரியத் தோழியைத் தெருவில் பார்த்த மாநாட்டுத் தலைவர், அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸுக்கு, அவரை அடையாளம் காண்பதே பெரும்பாடாக இருந்தது. பிரான்சில் ஜெர்மானியப் படை நாசமாக்கிய ஆர்டென் பகுதியிலிருந்து ழான் மெலான் என்ற பெண் மாநாட்டுக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் லிடா குஸ்தாவா ஹைமான் எழுந்து போய், ரோஜாப் பூங்கொத்தை அவர் கையில் கொடுத்துக் கையைப் பற்றிக்கொண்டார். ஒருவர் ஊரை மற்றவர் நாட்டுப் படை அழித்திருக்கிறது! அந்தக் கைகளை நினைத்துப் பாருங்கள். அதே மாநாடுதான், தோற்ற ஜெர்மனியோடு வென்ற நாடுகள் போடவிருந்த வெர்சாய் ஒப்பந்தத்தின் விதிமுறைகளைப் படித்துவிட்டு, இது பகையை வளர்த்து இன்னொரு போரில் கொண்டுபோய் விடும் என்று தீர்மானம் போட்டது. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே சொன்னார்கள். கேட்டார்களா?

வீணாகப் பேசியவர்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஐ.நா.வுக்கு முன்னால் இருந்த சர்வதேச சங்கத்தின் சாசனத்தில், சங்கத்தின் எல்லாப் பதவிகளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகத் திறந்திருக்கும் என்று ஏழாவது பிரிவு சொல்கிறதே, அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளவில்லை. பெண்கள் போராடி வாங்கியது. வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டால் பெண்ணின் குடியுரிமை போய்விடும் என்று பல நாடுகளில் சட்டம் இருந்தது. அதற்காக வருடக்கணக்கில் அலைந்து, 1933இல் மான்டெவிடியோவில் அமெரிக்கக் கண்டத்து நாடுகளை ஓர் உடன்படிக்கைக்குக் கொண்டுவந்தார்கள்.

“எல்லாரும் வசதியான வெள்ளைக்காரப் பெண்கள்தானே” என்று இங்கே ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாம், தலைமையில் பெரும்பாலும் அவர்கள்தான். அடிமை நாட்டுப் பெண்களுக்கு அங்கே கிடைத்த இடம் குறைவு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் 1917இலேயே நம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியாயிற்று. 1926இல் பாரிஸில் நடந்த சர்வதேசப் பெண்கள் மாநாட்டுக்கு முத்துலட்சுமி ரெட்டி போனார். 1931இல் லாகூரில் ஆசியப் பெண்கள் தனியாகவே மாநாடு கூட்டினார்கள். இதையும் டீ குடித்த கணக்கில்தான் சேர்ப்பீர்களா?

“ஆண்களைத் திட்டுவதே உன் வேலை” என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அது என் அத்தையால். 1986இல் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு, நாற்பது பக்க நோட்டும் ஸ்டாம்ப் பேடுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். கைநாட்டு வைக்கிறவர்களின் கட்டைவிரலைப் பிடித்துப் பிடித்து, அவர் விரலெல்லாம் ஊதா மை. அந்த நோட்டை ஓர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் கூடப் போயிருந்தேன். வாங்கியவர் அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார். “பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று சிரித்தார். இரண்டு வருடம் கழித்துக் குழாய் வந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் ஆறு பெயர்கள். அத்தை பெயர் இல்லை.

1932 பிப்ரவரியில் ஜெனீவா ஆயுதக் குறைப்பு மாநாட்டுக்குப் பெண்கள் லட்சக்கணக்கான கையெழுத்துகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முதல்முறை அதைப் படித்தபோது எனக்கு அத்தையின் ஊதா விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருத்தி ஒரு கதவைத் தட்டியிருக்கிறாள். உலகத் தலைவர்கள் அந்தக் கட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு ஆயுதத்தைப் பெருக்கினார்கள். தோற்றது யார்?

அப்புறம் அந்த ஹைமான். அவரும் தோழி அனிட்டா அவுக்ஸ்பூர்க்கும் 1923இலேயே, ஹிட்லர் ஆஸ்திரியாக்காரர், அவரை நாடு கடத்துங்கள் என்று ஜெர்மனியின் பவேரிய மாநில அரசிடம் கேட்டவர்கள். யாரும் செய்யவில்லை. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது இருவரும் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தார்கள். திரும்பிப் போகவே முடியவில்லை. சொத்து பறிமுதலானது. நூலகமும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காகிதங்களும் போயின. ரோஜா கொடுத்த அதே ஜூரிச்சில், 1943இல், சில மாத இடைவெளியில் இருவரும் இறந்தார்கள். போர் அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம்.