தோரோ மனிதரை வெறுத்து ஓடியவர் அல்லர்

"தோரோ மனிதரை வெறுத்து, ஆளரவமற்ற அடர்காட்டில் ஆயுள் முழுவதும் தனித்து வாழ்ந்தவர்" என்று அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோவைப் பற்றிச் சிலர் சொல்வது தவறு. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளக்கரையில் குடில் கட்டி அவர் குடியிருந்தது 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரைதான். அந்த நிலம் அவருடைய நண்பரான எழுத்தாளர் எமர்சனுடையது. கான்கார்டு ஊர் நடந்துபோகும் தொலைவு. குளத்தை ஒட்டியே ரயில் பாதை. ஓரிரு நாளுக்கொருமுறை ஊருக்குப் போய்வந்ததைத் தோரோவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குடிலில் மூன்று நாற்காலிகள். மூன்றாவது, பலர் கூடும்போது போடுவதற்கு.

1846இல், பழுதுபார்க்கக் கொடுத்த காலணியை வாங்க ஊருக்குப் போனபோதுதான் கைதானார். அடிமைமுறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையில் கிடந்தவர் அவர். அவரையா மனித வெறுப்பாளர் என்பது? என்னால் ஏற்க முடியவில்லை.